இரு விமான நிலையங்களுக்கு இடையே

மயிலம் குன்றின்மேல் நின்று வானத்தை நோக்குவார்க்குச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம் மிகச் சிறியதாகவே தோன்றும். மீனம்பாக்கத்து விமான நிலையத்தினின்று புதுச்சேரி இலாசுப்பேட்டை நிலையத்திற்கு நேர்கோடு ஒன்று இழுப்பின், அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டரே. மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் சிறு விமானத்திற்கு இது கால்மணி நேரப் பாதை. நம் முன்னோர் கணக்கில் முக்கால் நாழிகைக்கும் குறைவு.

இக்கணக்கை யான் பொழுதுபோக்காகப் போட்டேனல்லேன். 2025-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் எந்தையார் மயிலத்து இல்லத்தில் நோயுற்றுத் தளர்ந்திருந்தார். வரவேண்டியவர்க்குச் சொல்லிவிடுமாறு வைத்தியர் கூறினார். சிங்கப்பூரிலிருந்த என் இளவல் அன்றிரவே புறப்பட்டான். விமானம் ஏறுமுன் அவன் கேட்டது ஒன்றே: "அண்ணா, சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விமானம் உண்டா? காரைவிட விரைவில் வந்துவிடலாமே!"

புதுச்சேரியில் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய விமானப் போக்குவரத்து பெங்களூரையும் ஹைதராபாத்தையும் இணைத்ததேயன்றிச் சென்னையை இணைக்கவில்லை. இணைத்திருப்பினும் பயன் யாது? விமானம் வில்லினின்று விடுத்த அம்பன்று. அது தரையில் ஊர்ந்து, ஓடுபாதைக்கு முறை வரும்வரை காத்து, மேலெழுந்து, உயரம் எட்டிய மாத்திரத்தே இறங்கத் தொடங்கவேண்டும். ஆதலின் கால்மணி, கால அட்டவணையில் முக்கால் மணியாக வளர்ந்துவிடும். வெளிநாட்டினின்று வருவோன் கடவுச்சீட்டுச் சோதனை முடித்து, பெட்டியை மீட்டு, உள்நாட்டு முனையத்திற்குச் சென்று, புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னரேனும் அங்கே நிற்றல் வேண்டும். புதுச்சேரியில் இறங்கிய பின்னரும் மயிலத்திற்கு 30 கிலோமீட்டர் எஞ்சும். காரோ, செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், கூட்டேரிப்பட்டு வழியாக இரண்டரை மணியில் வீட்டு வாயிலிலேயே கொணர்ந்து விடும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர் தொலைவை விமானம் இரண்டு நிமிடத்தில் கடக்கின்றது. ஆங்கு இடையே கடல் உளது. நமக்கோ இடையே கிடப்பது நெடுஞ்சாலை. இதனையெல்லாம் விரித்துரைக்க அவ்வேளையில் மனம் ஏது? "காரிலேயே வா, தம்பி" என்றேன்.

விடியற்காலையில் அவன் மீனம்பாக்கத்தில் இறங்கினான். ஒவ்வோர் ஊரிலும் யான் தொலைபேசியில் அவனை அழைத்தேன். மதுராந்தகத்தருகே அவன் விடை தராத பத்து நிமிடங்கள் அந்த 120 கிலோமீட்டரினும் நெடியவாயிருந்தன. ஆறேகால் நாழிகையில் வந்து சேர்ந்தான்.

எந்தையார் வாழ்நாளெல்லாம் சென்னைக்குப் புகைவண்டியிலேயே போய் வந்தவர். விரைவு வண்டிகள் பல மயிலம் ஸ்டேஷனில் நில்லாமற் போவது அவருக்கு நீங்காக் குறை. கண் விழித்து மகனை அடையாளங்கண்டு, அவன் கையைப் பற்றிக்கொண்டு, "வண்டி மயிலத்தில் நின்றதா?" என்று வினவினார்.

"நின்றது, அப்பா" என்றான் தம்பி.