விரலுக்குத் தகுந்த உயரம்

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது வாத்தியம் கிடக்கிறதா? பழைய கிடார், கம்பி அறுந்த வயலின், துணி சுற்றிய வீணை... இருந்தால், அதை யார், எதற்காக வாசிக்காமல் விட்டார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பேட்டிக்காக ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் டபுள் பாஸோடு நின்றுகொண்டிருந்தார். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி, ஆளுயரத்துக்கு இருக்குமே... அதுதான். வாசிக்கும் முன், கம்பிகளைத் தாங்கும் குதிரையின் காலில் இருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகினார்.

"என்ன சார், ரிப்பேரா?"

"இல்ல சார், மழை. ஈரத்துல மரம் உப்பும், கம்பி மேல ஏறிடும். கொஞ்சம் இறக்கி விடறேன்."

பி.காம். படித்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? "எத்தனை மில்லிமீட்டர் இருந்தா கரெக்ட்?"

சிரித்தார். விரல் பலகையின் முனையில் அளந்தால் மெல்லிய கம்பிக்கு 5, 6 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 8, 9 இருக்கலாம். ஆனால் அது சட்டமில்லையாம். வில் போட்டு ஓங்கி வாசிப்பவர் பெரும்பாலும் உயர்த்தி வைப்பார். கம்பி தாராளமாக அதிர இடம் வேண்டும். விரலால் மீட்டி வேகமாக ஓடும் ஜாஸ்காரர் இறக்கி வைப்பார். மைக் வசதி இல்லாத காலத்தில் அந்த ஜாஸ்காரர்களே குடல் நரம்பை உயரக் கட்டித்தான் வாசித்தார்கள். சத்தம் கடைசி வரிசை வரை போக வேண்டுமே! இரும்புக் கம்பியும் ஒலிபெருக்கியும் வந்த பிறகுதான் விரலுக்கு விடுதலை.

"ஏத்தினா வலிக்கும். ரொம்ப இறக்கினா கம்பி பலகையில தட்டி இரையும். நடுவுல எங்க நிக்கணும்னு உங்க கை சொல்லும் சார்."

காமர்ஸில் இதை பிரேக் ஈவன் பாயின்ட் என்பார்கள். ஆனால் எனக்கு அங்கே பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அக்காதான் வந்தாள்.

எங்களுக்குப் பள்ளிப்பட்டு. திருத்தணி தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. தெருவில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுவே தறிச் சத்தம். 1989-ல் சொந்தக்காரர் ஒருவர் காலி செய்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு வீணை வந்தது. அக்காவுக்கு அப்போது பதிமூன்று வயது. திருத்தணியிலிருந்து பஸ்ஸில் ஒரு டீச்சர் வருவார்.

இரண்டாவது மாதமே அக்காவின் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெடித்துவிட்டன. "கம்பி உசரமா இருக்கு டீச்சர், அழுத்த முடியல" என்றாள்.

"முத்துசுவாமி தீட்சிதர் வாயில முருகனே கற்கண்டு போட்டு, முதல் கிருதி பிறந்த மலை பக்கத்துலயே இருக்கு. இந்த வலியைப் பொறுக்கமாட்டியா?"

அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். நான், ஒன்பது வயசு வாலு, "வீணை வித்வான் விரல்ல வீக்கம்" என்று பாட்டுக் கட்டினேன். எதிர்வீட்டு நெசவுக்காரத் தாத்தா மட்டும் ஒருநாள் சொன்னார்: "பாவை ரொம்ப இழுத்துக் கட்டினா இழை அறுந்து போவுது. நான் தறியைத்தான் பார்ப்பேன், நூலைத் திட்டமாட்டேன். அதை ஒருதரம் யார்கிட்டயாவது காட்டும்மா." யாரும் காட்டவில்லை.

பதினோராவது மாதம் வீணை பரணுக்குப் போனது. 'அவளுக்குப் பொறுமை பத்தாது' என்பது வீட்டின் தீர்ப்பாகிவிட்டது. பிறகு டைப்ரைட்டிங்கை விட்டபோதும், ஒரு வேலையை விட்டபோதும் அதே தீர்ப்பை எடுத்து வாசித்தோம். அக்காவும் நம்பிவிட்டாள். "நான் எதையும் முடிக்கமாட்டேன்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஸ்டுடியோவிலிருந்து திரும்பிய அந்த வாரமே வீணையை இறக்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். அக்காவும் கூட வந்தாள். வீணையின் 24 வெண்கல மெட்டுகளும் மெழுகில் கரித்தூள் கலந்த படுக்கைமேல்தான் உட்கார்ந்திருக்கும். அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "மெழுகு எப்பவோ இளகி மெட்டெல்லாம் கீழ இறங்கியிருக்கு. பத்தாததுக்குக் குதிரைக்கு அடியில யாரோ கட்டை வெச்சு ஏத்தியிருக்காங்க. இந்தக் கட்டை ரொம்பப் பழசு சார். இதுல கத்துக்கிட்ட புள்ள பாவம்!"

பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துப் புது மெழுகு பிடித்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நிறுத்தினார். மேளம் கட்டுவது என்பார்கள். நாலு நாள் வேலை.

ஐந்தாம் நாள் அக்கா உட்கார்ந்து ச ரி க ம வாசித்தாள். விரல் தடுமாறியது. ஆனால் கம்பி பணிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப... நான் சோம்பேறி இல்லையாடா?"

முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? நான் கட்டிய பாட்டு வேறு காதில் ஒலித்தது.

சாதகம் செய்தால் வலிக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். விரல் நுனி காய்த்துப் போகும் வரை எல்லோருக்கும் வலிக்கும். ஆனால் அந்த வலி வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் குழந்தையைத் திட்டும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். கிடாரில் பன்னிரண்டாவது கட்டத்தில் கம்பிக்கும் கட்டத்துக்கும் நடுவே 2, 2.5 மில்லிமீட்டர் போதும். 4 இருந்தால், தப்பு பிள்ளையிடம் இல்லை. வீணையோ வயலினோ என்றால் ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். விரலுக்குத் தகுந்த உயரமும் உண்டு.

நேற்று ராத்திரி அக்கா பள்ளிப்பட்டிலிருந்து போன் செய்தாள். "இங்க வெயில் தாங்கலடா. வீணையை எந்த ரூம்ல வெச்சா மெழுகு இளகாது?"