எட்டாத மூலையின் கோணம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆலங்குடாக் கடலில் டொல்பின் பார்க்கப் போகும் படகுகளுக்குக் குறைவில்லை. படகில் போகிறவர்கள் மேற்கே பார்ப்பார்கள். கணக்குப் பைத்தியமான நான் கரையைப் பார்ப்பேன். தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011 இல் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாற் கொள்ளளவோடு நிற்கும் நிலையம் அது. எனக்கோ அந்தப் புகைபோக்கி ஒரு முக்கோணியின் உச்சி. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

படகு கரையோரமாகத் தெற்கே நேராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியம் நோக்கும் திசைக்கும் புகைபோக்கிக்கும் இடையிலுள்ள கோணம் 30 பாகை. திசை மாறாமல் ஓட ஓட அது கூடிக்கொண்டே போகும். 60 பாகை ஆனதும் நிறுத்துங்கள். முதலில் பார்த்த இடம், இப்போது நிற்கும் இடம், புகைபோக்கி மூன்றும் சேர்ந்தால் முக்கோணி. புகைபோக்கியடியில் உள்ள கோணம் எவ்வளவு?

அங்கே போய்ப் பாகைமானி வைக்க வேண்டியதில்லை. 60 பாகை என்பது புறக்கோணம். அகத்தெதிர்க் கோணங்கள் இரண்டின் கூட்டுத்தொகை. அதில் 30 போக மிச்சமும் 30. கோணங்கள் இரண்டு சமனென்றால் அவற்றுக்கு எதிரான பக்கங்களும் சமன். ஆகவே படகு ஓடிய தூரம்தான் புகைபோக்கிக்கு இன்னும் உள்ள தூரம். மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் 10 நிமிடம் ஓடியிருந்தால் அது 1 கடல்மைல், அதாவது 1852 மீற்றர். நீரோட்டம் இழுத்தால் கொஞ்சம் பிசகும், அவ்வளவுதான். கலங்கரை விளக்கங்களைப் பார்த்து மாலுமிகள் செய்துவந்த கணக்கு இது. யூக்கிளிட்டின் முதற் புத்தகத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

எல்லாக் கோணமும் இப்படி இலகுவில் பிடிபடாது. 1922 இல் லாங்லி என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் ஒரு கணக்கை வெளியிட்டார். அஆஇ என்ற இருசமபக்க முக்கோணியில் உச்சி அ 20 பாகை. அடிக்கோணங்கள் 80, 80. ஆ இலிருந்து அடியோடு 60 பாகையில் ஒரு கோடு, எதிர்ப்பக்கத்தை ஈ இல் தொடுகிறது. இ இலிருந்து 50 பாகையில் இன்னொன்று, உ இல் தொடுகிறது. கோணம் ஆஈஉ எவ்வளவு? 180 பாகைக் கணக்கை எத்தனை தரம் சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம்.

ஆ இலிருந்து அடியோடு 20 பாகையில் புதிதாக ஒரு கோடு போட்டு, அது அஇ ஐத் தொடுமிடத்தை ஊ என்று வையுங்கள். முடிச்சு அவிழும். ஆஊ, ஆஉ இரண்டும் அடிப்பக்கம் ஆஇ க்குச் சமன். அவற்றுக்கிடையே 60 பாகை. ஆகவே ஆஉஊ சமபக்க முக்கோணி. ஊஈயும் அதே நீளம். இனி முக்கோணி ஊஉஈ இல் ஊ இலுள்ள கோணம் 40, மற்றவை 70, 70. ஈ இலுள்ள அந்த 70 இல் ஊஈஆ 40 ஐக் கழித்தால் விடை 30 பாகை.

இரண்டு கணக்கிலும் வேலையை முடித்தது தரவில் இல்லாத கோடு. கடலில் அதைப் படகு ஓடிப் போட்டது. தாளில் நாம் போடவேண்டும். நம் வகுப்புகளில் தேற்றம் ஒப்புவிக்க நேரம் உண்டு, கோடு தேட நேரம் இல்லை. ஆசிரியர்களே, விடையைக் கரும்பலகையில் எழுதுமுன் “எங்கே கோடு போடலாம்?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.