படிப்புரையில் ஒரு விசாரணை

பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையை ஒட்டிய ஊர். மாசி மாதம். கும்பப்பூ அறுப்பு முடிந்து வயலில் வைக்கோல் காய்கிறது. குளத்தங்கரை ஆலமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் நடந்து வருகிறார். தோளில் துணிப்பை, கையில் பழுப்பு நிற ஃபைல். தெருவில் சிமென்ட் போட்டிருக்கிறது. வாசல்வரை வண்டியிலேயே வரலாம். வந்து நின்றால் ஊர் முழுக்க அந்த வீட்டை எட்டிப்பார்க்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் நன்னடத்தை அலுவலர். போகிற இடம் எங்கள் எதிர்வீடு.

எதிர்வீட்டுப் படிப்புரையில் கிழவி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மூத்த மகன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். எட்டு வருடத்துக்கு முன்னால் மடை திறப்பதில் வந்த தகராறு. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. ஓர் உயிர் போயிற்று. ஆயுள் தண்டனை. செத்தவரின் வீடும் இதே ஊரில்தான், குளத்துக்கு அந்தப் பக்கம்.

“மக்களே, அவன் எப்பம் வருவான்?” கிழவியின் முதல் பேச்சே அதுதான். சொன்னபிறகு பயந்துபோய் “மேடம்” என்று திருத்திக்கொள்கிறாள்.

“மக்களேன்னே கூப்பிடுங்க பாட்டி. பரோல் மனு வந்திருக்கு. வீட்டைப் பாத்து நான் அறிக்கை எழுதணும். போலீசும் எழுதுவாங்க. மதுரையில டி.ஐ.ஜி. சார்தான் முடிவு சொல்லணும்.”

கருப்பட்டிக் காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். மனுவில் சொல்லியிருக்கும் காரணம் வீட்டுப் பழுது. வடபக்கத்துக் கழுக்கோல் உளுத்து, ஓடு சரிந்து, பகலில் அறைக்குள் நாலைந்து இடத்தில் வெயில் விழுகிறது. அலுவலர் அண்ணாந்து பார்க்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கழுக்கோலைக் கையால் அழுத்திப் பார்க்கிறார். பொடி உதிர்கிறது. இறங்கி எழுதுகிறார். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார் என்பதற்காகவே இதை எழுதத் தோன்றியது. சில வருடத்துக்கு முன்னால் இதே மகன் கேட்ட பரோல், ‘ஊரில் அமைதி கெடும்’ என்ற ஒரே வரியில் நின்றுபோனது. அந்த வரியை எழுதியவர் இந்தத் தெருவுக்கு வந்து பார்த்த ஞாபகம் இங்கே யாருக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் பரோலுக்கென்று இருப்பது 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசரகால விடுப்பு. மூன்று ஆண்டு சிறையில் கழித்து, நடத்தையும் சரியாக இருந்தால் சாதாரண விடுப்புக் கேட்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுது பார்க்க, உடன்பிறந்தாள் கல்யாணத்துக்கு, பாகப் பிரிவினைக்கு, வயல் வேலைக்கு என்று காரணங்களை விதியே எண்ணிச் சொல்கிறது. எழுதியவர்கள் கிராமத்துக் குடும்பத்தை அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. கடைசியில் ‘அசாதாரணக் காரணங்கள்’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். இதே பாளையங்கோட்டைச் சிறையின் ஆயுள் கைதி ஒருவருக்கு, குழந்தைப்பேறு வேண்டி மனைவி தொடுத்த வழக்கில், 2018 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது. நாட்டில் பலரும் அதை வியந்து பேசினார்கள்.

கிழவியின் மருமகன் பாறசாலையிலிருந்து வந்து தூண் ஓரம் நிற்கிறார். மகளுக்கு அண்ணனைப் பார்க்க ஆசை. அவன் ஒரு ராத்திரி பாறசாலைக்கு வந்து தங்கட்டுமா என்று கேட்கிறார்.

“முடியாதுங்க. இந்த விலாசத்துக்குத்தான் உத்தரவு வரும். தங்கச்சியை இங்க வரச் சொல்லுங்க.”

“எங்க பக்கம் வருசத்துக்கு 60 நாளு வரை குடுக்காவ மேடம்.”

அவர் சொல்வது உண்மைதான். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்து விதி. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்த ஊரும் திருவிதாங்கூர்-கொச்சிதான். இங்கே தண்டனை பெற்றவர்கள் திருவனந்தபுரத்துப் பூஜப்புரைச் சிறைக்குப் போனார்கள். எல்லைக் கோடு மாறியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை. மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்தம் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து விதியைத் திருத்த உட்காரும்போது இந்த மாவட்டத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். தங்கையைப் பார்த்துவர ஒரு பகல் அனுமதி கொடுப்பதால் எந்தச் சட்டமும் சாய்ந்துவிடாது.

அலுவலர் எழுந்து ஃபைலை மூடுகிறார். கிளம்பிவிடுவார் என்று கிழவி நினைக்கிறாள். அவர் குளத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கிறார்.

அந்த வீடு படித்துறைக்கு நேர் எதிரே. குளிக்கப் போகிறவர் காதில் விழாமல் அங்கே எதுவும் பேச முடியாது. செத்தவரின் மனைவி முற்றத்தில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். யார், எதற்கு என்று அலுவலர் சொல்கிறார். அவள் நிமிரவில்லை. முற்றத்து நெல்லை ஒருமுறை முழுக்கக் கிண்டி முடிக்கும்வரை பேச்சே இல்லை. அலுவலரும் அவசரப்படுத்தவில்லை, வெயிலிலேயே நிற்கிறார்.

“வீடு இடிஞ்சு அந்தக் கிழவி செத்தா எனக்கு என்ன கிட்டும்? வரட்டு. எம்பிள்ளை பள்ளிக்கூடம் போற நேரம், வார நேரம், இந்தக் கரை வழியா அவன் வரப்பிடாது. கோயில் கொடையில எம்முன்னால வந்து நிக்கப்பிடாது. அவ்வளவுதான்.”

அலுவலர் எழுதுகிறார். எழுதியதை வாசித்தும் காட்டுகிறார். அவள் அப்போதுதான் நிமிர்ந்து, கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறாள்.

பாதிக்கப்பட்ட குடும்பம் எதிர்க்கிறதா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டால் இவளுடைய பதில் அதற்குள் அடங்காது. ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் ஓடு இன்னொரு மழைக்குச் சரிந்திருக்கும். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இவள் பிள்ளை தினமும் பயந்து பயந்து பள்ளிக்கூடம் போயிருக்கும். 2023-இல் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், பரோலில் போகிறவர் உடம்பில் மின்னணுக் கருவி மாட்டி இருப்பிடம் பார்க்க வழி சொல்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று கருவி சொல்லும். எங்கே இருக்கக் கூடாது, ஏன் கூடாது என்பதை இந்த முற்றத்தில் வந்து நின்றுதான் கேட்க வேண்டும். புதிய சட்டம் எத்தனை வந்தாலும் அதை நடத்திக் காட்டப் போகிறவர் ஸ்கூட்டரில் வரும் இந்த அலுவலர்தான். அவர் மேல் ஊர் ஊராக ஃபைல்களைச் சுமத்திவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் இப்படி நிற்க நேரம் கொடுக்காமல் போனால், பழையபடி ஒரே வரி அறிக்கைகள்தான் எழுதப்படும்.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றத்தான் மனு. உத்தரவு வந்தபோது வைகாசி முடிகிறது, இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. 28 நாள், வழிக்காவல் இல்லை, தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. செத்தவரின் மனைவி சொன்ன இரண்டும் நிபந்தனையாகவே உத்தரவில் இருந்தன.

ஆள் இளைத்திருக்கிறான். ஸ்டேஷனுக்குக் குளத்தங்கரைப் பாதை குறுக்கு வழி. அவன் வயல் வரப்பில் இறங்கி, சுற்றிக்கொண்டு போகிறான், சாரல் மழையிலும். கையெழுத்துக்குப் பிறகு வேலை. ஆசாரி கழுக்கோல் செதுக்க, மழை விட்ட பொழுதில் ஓட்டை இறக்கி அடுக்குவதும், மேகம் கறுத்தால் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதுமாகவே பாதி நாள் போய்விட்டது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை. மனைவி தோவாளையில் பூக்கட்டப் போகிறவள். சாயங்காலம் வந்து தானும் ஓடு எடுத்துக் கொடுக்கிறாள். அப்பா போகும்போது ஏழு வயதாயிருந்த மகள் இப்போது பத்தாம் வகுப்பு. முதல் சில நாள் தூர நின்று பார்த்தாள். பிறகு ஏணிப்படியில் நின்று ஓட்டைக் கைமாற்றிக் கொடுத்தாள்.

வெளியே இருந்த நாட்களை முன்விடுதலைக்கான சிறைக்காலக் கணக்கில் சேர்க்க முடியாது என்று கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அவனுக்கும் அது தெரியும். அந்த நாட்களை உள்ளே இருந்து கழித்தாக வேண்டும் என்று தெரிந்தேதான் கூரைமேல் ஏறுகிறான்.

திரும்பிப் போகிற அன்று விடியுமுன் எழுந்துவிட்டான். வடசேரியில் திருநெல்வேலி பஸ் பிடித்தால் ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி தாண்டி மத்தியானத்துக்குள் பாளையங்கோட்டை. சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது. ஆனாலும் பிந்தினால் அடுத்த மனு கெடும் என்று சீக்கிரமே கிளம்புகிறான். வடமேற்கு மூலையில் மூன்று வரிசை ஓடு பாக்கி. ஐப்பசிக்குள் அதை முடிக்க வேண்டும், ஆசாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் தங்கை புருஷனிடம் சொல்லிவிட்டு நடந்துபோனான்.

அடுத்த வாரம் அலுவலர் வருகிறார், முடிவு அறிக்கைக்கு. புது ஓட்டைப் பார்க்கிறார். குளத்துக்கு அந்தப் பக்கமும் போய், “சொன்னபடி நடந்தாரா?” என்று கேட்டுவிட்டு வருகிறார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாளாம். கிளம்பும்போது அவனுடைய மகளைக் கூப்பிடுகிறார்.

“எந்தக் கிளாஸ்?”

“பத்து.”

“பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேரும்போது அப்பா கூட வரணும்னா அதுக்கும் பரோல் கேக்கலாம், விதியில இருக்கு. மே மாசம் ரிசல்ட் வந்தப்புறம் எழுதினா பத்தாது. டிசம்பர்லயே எழுதச் சொல்லு. நோட்டு கொண்டா, என்னென்ன சேத்து அனுப்பணும்னு எழுதித் தாரேன்.”