ஏ-யையும் பி-யையும் கூட்டிப் பார்

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் பயமெல்லாம் ஈ.பி. கரன்ட் போவதைப் பற்றித்தான். ரேக்கின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக நின்று சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பி.டி.யு.வைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

ஒரு ரேக்குக்கு இரண்டு பி.டி.யு. ஏ பக்கம் ஒரு யு.பி.எஸ்.ஸிலிருந்தும் பி பக்கம் இன்னொன்றிலிருந்தும் வரும். சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளும் லோடை ஏறக்குறையப் பாதிப் பாதியாக இழுக்கும்.

ஓர் இரவு, பராமரிப்புக்காக பி பக்கத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன் ஒரு ரேக்கில் ஏ 22 ஆம்பியர், பி 21 ஆம்பியர். இரண்டுக்கும் 32 ஆம்பியர் பிரேக்கர். தனித்தனியாகப் பார்த்தால் குறையே தெரியாது. பி நின்றதும் ஏ 43-க்கு ஏறியது. பிரேக்கர் விழவில்லை, தாங்கிவிட்டது என்று எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் நகரவில்லை. "தம்பி, இது நிக்காது. பி-யை ஏத்த முடியுமான்னு கேளு" என்றார். பேனலை அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு 'டக்'. அத்தனை ஃபேன் இரைச்சலுக்கு நடுவில் அந்த ரேக் மட்டும் ஓய்ந்துபோனது. அப்போது வயிற்றைப் பிசைந்தது இன்றும் மறக்கவில்லை.

பிறகு அண்ணன்தான் விளக்கினார். ஷார்ட் சர்க்யூட் என்றால் பிரேக்கருக்குள் இருக்கும் காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். ஓவர்லோடைக் கவனிப்பது வேறொன்று, இரண்டு உலோகங்கள் ஒட்டிய பட்டை. அது சூடேறி வளைந்தால்தான் ட்ரிப் ஆகும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் லோடு என்றால் அதற்குப் பல நிமிடம் பிடிக்கும்.

32-இல் எண்பது சதவீதம் 25.6. ஏ-யும் பி-யும் சேர்ந்தே அதைத் தாண்டக் கூடாது என்று இப்போது கணக்கு வைத்திருக்கிறேன். "12 ஆம்பியர்தானே ஓடுது, இன்னும் நாலு சர்வர் போடலாமே" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். காசு கட்டுகிறவர்கள், கேட்பது நியாயம்தான். ஆனாலும் எதிர்ப்பக்க பி.டி.யு.வின் திரையையும் பார்க்கச் சொல்லி, இரண்டையும் அவர்கள் முன்னாலேயே கூட்டிக் காட்டுவேன்.

எது ஏ, எது பி என்பதற்குக் கேபிளின் நிறத்தையும் நான் நம்புவதில்லை. ஷட்டவுனுக்கு முன் ஒவ்வொரு கேபிளையும் சர்வரிலிருந்து பி.டி.யு. வரை கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்துவிடுவேன். ஒரே சர்வரின் இரண்டு கேபிளும் ஏ-யிலேயே சொருகியிருந்த ரேக்குகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.