பெயர் இல்லாத முதலாமவர்கள்

அன்புள்ள நண்பா,

திருகோணமலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிரெட்றிக் கோட்டை வாசல் கல்லில் இரட்டைக் கயல் இன்னும் இருக்கிறது. உள்ளே புள்ளிமான்கள் நம்மைச் சட்டை பண்ணாமல் மேய்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் கதை எல்லோருக்கும் மனப்பாடம். நான் தேடிப் போனது ஆபிரிக்க வழிவந்த காப்பிரிகளை. கோட்டையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

இவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, கொழும்பில் ஜலஸ்தி என்ற கடல் தலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆங்கிலேய ஆளுநர் பிரெட்றிக் நோர்த், கோவாவில் போர்த்துக்கேயரிடம் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தார். சீருடை மாட்டிவிட்டால் அடிமை சிப்பாயாகிவிடுவானா என்ன! இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1844இல்தான்.

அந்த ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் சிலர் இங்கே பாலையூற்றுப் பக்கம் பறங்கியரோடு கலந்துவிட்டார்கள். புத்தளம் சிறாம்பியடியில் இருப்பவர்கள் மட்டும் மாஞ்சாப் பாட்டை விடவில்லை. சிரட்டையைச் சிரட்டையில் தட்டுவார்கள், கண்ணாடிப் போத்தலில் கரண்டியால் தாளம் போடுவார்கள். மரக்கதிரையும் வாத்தியம்தான். மெல்லத் தொடங்கும் பாட்டு போகப் போகச் சூடேறி, இருந்தவரை எழுப்பி ஆடவைத்துவிடும். பாட்டு போர்த்துக்கேயக் கிரியோலில். பாடுகிறவர்களிலேயே பலருக்கு அர்த்தம் முழுதாகத் தெரியாது.

வரலாற்றின் 'முதலாமவர்' பட்டியலில் ஏற வேண்டுமென்றால் முதலில் ஒரு பெயர் வேண்டும். விலைக்கு வந்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? பிறகு பிரித்தானியப் படைக்கு வந்த ஆபிரிக்கரில் சிலரின் பெயராவது பதிவானது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, இலங்கையைக் காக்க வந்திருந்த படைகளில் கிழக்கு ஆபிரிக்கப் பிரிகேட் ஒன்றும் இருந்தது. அதே ஆண்டு மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டைச் சேர்ந்த சேத் அந்தோனி, பிரித்தானியப் படையில் அதிகாரியான முதல் கறுப்பு ஆபிரிக்கர் ஆனார். அவர் பர்மாவில் போரிட்டார். எனக்கு அவரைவிட வருஹியு இட்டோட்டேயைத்தான் பிடித்திருக்கிறது. இலங்கை வழியாகப் பர்மாவுக்குப் போய்ப் பிரித்தானியருக்காகச் சண்டை போட்ட இந்தக் கென்யாக்காரர், ஊர் திரும்பி மவு மவு கிளர்ச்சியில் 'ஜெனரல் சைனா' என்ற பெயரில் அவர்களையே எதிர்த்து நின்றார்.

நீ புத்தளம் போவதாகச் சொன்னாயே, சிறாம்பியடிக்கும் ஒரு நடை போய் வா. போவதற்கு முன்னமே சொல்லி வைத்தால்தான் பாட்டுக்காரர்கள் ஒன்றுகூடுவார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்