ஊஞ்சற் சங்கிலி

நம்முடைய பெரியம்மாள் எட்டு வருஷ காலமாக எந்தக் கல்யாணத்திற்கும் வந்ததில்லை. கோவிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள். பஸ் பிரயாணம் என்றால் மயக்கம் என்பாள். வயதானால் பிடிவாதமும் கூடவே வந்துவிடுகிறது என்று அவள் காதுபடவே நாம் சொல்லியிருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. கிராமத்தில் அடியிறக்கம் என்பார்கள். சிறுநீரை அடக்க முடியாது. நெடுநேரம் நிற்க முடியாது. ஆறு பிரசவம் கண்ட அந்த அம்மாள் இந்தச் சங்கதியைப் பெற்ற பெண்ணிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் சகதர்மிணிதான் எப்படியோ கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். முதலில் வளையம் வைத்துப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது!" என்று நாம் மேதாவியைப் போல் சொன்னோம். டாக்டரம்மாள் சிரித்தார்.

"ஊஞ்சற் சங்கிலி தேய்ந்து போனதற்குப் பலகையைக் குற்றம் சொல்லலாமா?" என்றார்.

கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும் பல பிரசவங்களாலும், முதுமையாலும், ஓயாத இருமலாலும், பளு தூக்குவதாலும் தளர்ந்து போகின்றனவாம். கர்ப்பப்பையை எடுத்தாலும், மேல்முனையை உறுதியான தசைநாரோடு பிணைக்காவிட்டால் பிறப்புவழி மறுபடியும் சரியக்கூடும்.

ரண சிகிச்சையில் இத்தனை வகை உண்டென்று நமக்கு அன்றுதான் தெரிந்தது. மான்செஸ்டரில் டொனால்டு என்பவர் 1888-ல் கர்ப்பப்பையை எடுக்காமலே சீர்செய்யத் தொடங்கினார். பம்பாய் டாக்டர் ஷிரோட்கர், பிள்ளைப்பேறு வேண்டும் இளம் பெண்களுக்காக, கர்ப்பப்பையை நாடாவினால் முதுகெலும்பின் அடிப்பாகத்தோடு கட்டும் முறையை வகுத்தார். பிறப்புவழியாக வலை வைத்துத் தைப்பது சில காலம் பிரமாதமாகப் பேசப்பட்டது. உபத்திரவங்கள் மிகவே, 2019-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அவ்வலைகளை விற்கலாகாதென்று உத்தரவாயிற்று. வயிற்று வழியாக வலையைப் பொருத்தும் முறை மட்டும் இன்னும் கைக்கொள்ளப்படுகிறது. எந்த முறையிலும் நோய் திரும்ப வராதென்று உறுதி கூறுவதற்கில்லை.

பெரியம்மாளுக்கு ஹிருதயம் பலவீனம். பாரிஸ் நகரத்து லெஃபோர் 1877-ல் வெளியிட்ட முறையொன்று அவளுக்குப் பொருந்தும் என்றார் டாக்டரம்மாள். பிறப்புவழியின் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடுவது, சீக்கிரம் முடியும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தாலே போதும். ஆனால் தாம்பத்தியம் இனி வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரமே அது தகும்.

இதைச் சொல்லிவிட்டு அவர் நம் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். நமக்குச் சற்று ரோஷமாகக்கூட இருந்தது! உள்ளே, "அம்மா, உங்கள் இஷ்டம் என்ன?" என்று பெரியம்மாளை மட்டும் கேட்டாராம். எழுபது வருஷத்தில் தன்னை அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை என்று பிற்பாடு அவள் நம் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

சிகிச்சை நடந்தது. வருகிற தை மாதம் பேத்தியின் கல்யாணத்திற்குப் பஸ்ஸிலேயே போகப் போகிறாளாம்.

இதற்கிடையில் நம் தெருவிலிருந்து இரண்டு பெண்மணிகள் கொல்லைப்புற வழியாக வந்து டாக்டரம்மாளின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னார் இன்னார் என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை.