அம்மா சொன்ன 'இழுக்குது'

அம்மாவின் கீழ்த்தாடையில் நாலு இம்பிளான்ட் போட்டு, அவை எலும்போடு ஒட்டிப்பிடிக்க மாதக்கணக்காகக் காத்திருந்தோம். பிறகு வாய்க்குள் ஸ்கேனரை விட்டு அளவு எடுத்தார்கள். தாடை முழுதும் திரையில் வந்ததைப் பார்த்து, மென்பொருள் எழுதுகிற எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பற்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தைப் பொருத்திப் பார்க்கிற நாள். திருகை இறுக்கும்போது அம்மா சொன்னார், "ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கு தம்பி." டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கோ ஒரு மணிக்கு மீட்டிங். "கொஞ்சம் புதுசாக இருக்காம், மற்றபடி சரியாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

இரவு அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் சொன்னதை நீ அவருக்குச் சொல்லேல்லையே? அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்."

காலையிலேயே போன் பண்ணினேன். டாக்டர் மறுபடி வரச் சொல்லி, ஒரு ஓரத்துத் திருகை மட்டும் இறுக்கிப் பார்த்தார். மறு ஓரத்தில் சட்டம் மயிரிழை மேலே தூக்கி நின்றது, எக்ஸ்ரேயிலும் தெரிந்தது.

சொந்தப் பல்லைச் சுற்றி மெல்லிய தசைநார் உண்டு, அது சற்று விட்டுக்கொடுக்கும். எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் அப்படி விட்டுக்கொடுக்காது. அளவு பிசகினால் அந்த இழுவை திருகுக்கும் எலும்புக்கும் போகும். நாளடைவில் திருகு தளரலாம், உடையவும் செய்யலாம். ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களை ஒட்டித்தான் முழு உருவம் காட்டுகிறது. ஒன்றிரண்டு பல்லுக்கு அது நன்றாகவே போதும். முழுத் தாடைக்கு ஒவ்வொரு ஒட்டிலும் வரும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகலாம். பிழை சேர்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த முறை நாலு இம்பிளான்டிலும் அளவுக் குச்சிகளைத் திருகி, அசையாதபடி ஒன்றோடொன்று பிசினால் இணைத்து, துளையுள்ள தட்டில் சிலிக்கோன் நிரப்பி அச்செடுத்தார். அது இறுகியதும் துளை வழியாகத் திருகுகளைக் கழற்றி, குச்சிகளோடு அப்படியே தூக்கினார். அம்மா நெடுநேரம் வாய் திறந்தபடி பொறுமையாக இருந்தார்.

புதுச் சட்டம் வந்தது. "இப்ப இழுக்கேல்லை" என்றார் அம்மா. அதே சொல்லை டாக்டரிடம் சொன்னேன்.

உங்கள் பெற்றோருக்கு இப்படி முழு வரிசை கட்டினால், பல் வைப்பதற்கு முன் சட்டத்தைத் திருகிச் சோதிப்பார்களா என்று கேளுங்கள். அம்மா அப்பா சொல்வதை அப்படியே சொல்லுங்கள். அன்று நான் காப்பாற்ற நினைத்தது ஒரு மீட்டிங். அதில் என்ன பேசினோம் என்பதுகூட இப்போது நினைவில்லை.